முற்றத்துக்கு அடியில் ஒரு தொட்டி

— ஒரே ஒரு மழைக்குத்தான் கேக்குறேன் ஆர்கிரிஸ். உன் தொட்டிக்குப் போற மதகை மூடி வை. என் நிலவறையில முழங்கால் அளவு தண்ணி நின்னா போதும்.

— தோம்னா அம்மா, அந்தத் தண்ணி உங்க நிலவறைக்கு வரக்கூடாதுன்னுதானே ஆறு மாசமா முற்றத்தைத் தோண்டினோம்?

— தோண்டுன லட்சணத்தைப் பாத்தேனே. ரெண்டு ஓட்டைப் பானை கிடைச்சது, தொல்லியல்காரங்க மூணு வாரம் மண்ணைத் தடவிட்டு இருந்தாங்க. நீ இங்க உக்காந்து என் காப்பியைக் காலி பண்ணுன.

— தெசலோனிகி மாதிரி பழங்கால ஊர்ல எங்க தோண்டினாலும் பானைதான். லாரி நுழையாத சந்து வேற. தண்ணி தேங்குற நானூறு பிளாஸ்டிக் பெட்டியைத் தோள்ல சுமந்து குழிக்குள்ள அடுக்கித்தான் இந்தத் தொட்டி. பக்கத்து ஆறு மாடிக் கட்டடத்துத் தண்ணி மொத்தமும் அதுல தங்கி, நிதானமா வடிகாலுக்குப் போகும். மழை வலுக்குற நேரத்துல மூடச் சொல்றீங்களே.

— மூடலன்னா பொலிக்செனி வரமாட்டா.

— உங்க தங்கச்சியா? முற்றத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்காங்க?

— இருந்து என்ன? அம்மா கும்பிட்ட மாதா படம் யாருக்குன்னு சண்டை. ஒன்பது வருஷமாப் பேச்சு இல்ல. ஆனா நிலவறையில தண்ணி ஏறினா வாளியோட வந்துடுவா. ரெண்டு பேரும் வாயைத் திறக்காம இறைப்போம். நின்னுக்கிட்டே பீன்ஸ் சூப் குடிச்சிட்டுப் போவா. எனக்கு அதுதான் தம்பி திருநாள்.

— நீங்களே போய்க் கதவைத் தட்டலாமே. முப்பது அடி தூரம்.

— நானா? நான் மூத்தவ.

— அது சரி.

— முற்றத்துல பாதி அவளோடது. தோண்டச் சம்மதிச்சு நான் கையெழுத்துப் போட மூணு மாசம் இழுத்தடிச்சேன். அவ முதல் நாளே போட்டுட்டா. இனிமே என் மூஞ்சியில முழிக்க வேண்டாம்னு அவ்வளவு அவசரம்.

— அப்படி ஏன் நினைக்கிறீங்க? முதல்ல கீழ போய்ப் பாருங்க, தண்ணி வந்திருக்கான்னு.

— பாத்துட்டுத்தான் வந்தேன். காஞ்சு கிடக்கு. நாசமாப்போன உன் தொட்டி நல்லாத்தான் வேலை செய்யுது. சூப் வேற ரெண்டு பேருக்கு வெச்சுட்டேன்.

— அம்மா, கதவு தட்டுற சத்தம்.

— உன் ஆளுங்கதான், காப்பிக்கு. திறந்துதான் இருக்கு, வரச் சொல்லு.

— நான்தான் அக்கா, பொலிக்செனி. எப்ப வந்தாலும் தண்ணி இறைக்கவே நேரம் சரியாப் போச்சு, உக்காரவே முடியல. அதான் முதல் ஆளா கையெழுத்துப் போட்டேன். இன்னிக்கு எனக்கு ஒரு வேலையும் இல்ல.