தெற்கே போன மூன்று கோடுகள்

மாரிராஜ்: ...விடிய விடிய பஸ்ல நின்னுக்கிட்டே வாரேன் மெர்சி! உங்க வீட்டு மாடியில குடியிருக்க என் தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடக்கான்னு நீதான போன்ல அழுத? இங்க வந்தா, இசக்கிசெல்வி ஷிஃப்டுக்குப் போயிருக்கா!

மெர்சி: கத்தாதீங்க, அப்பா உள்ள கீறாரு. டீ போடட்டுமா?

மாரிராஜ்: டீயா? எதுக்குப் பொய் சொன்ன?

மெர்சி: மொதல்ல இத சொல்லுங்க. நீங்க இல்லாம போட்டு கடலுக்குப் போச்சா?

மாரிராஜ்: டிரைவர் நான் இங்க நிக்கேன், எப்படிப் போவும்? வேம்பார் கரையிலயே கட்டிக் கெடக்கு. முதலாளி வஞ்சு தீத்துட்டாரு.

மெர்சி: அப்பாடா... ஸ்தோத்திரம் ஏசப்பா!

மாரிராஜ்: என்னட்டி அப்பாடா?

மெர்சி: காலைல நியூஸ் பாக்கல? புயல் திரும்பிடுச்சு. உங்க பக்கம்தான் போவுது.

மாரிராஜ்: ஏ... ஆந்திராவுக்குன்னுல்லா சொன்னாங்க!

மெர்சி: டீவில புயல் போற வழின்னு ஒரு கோடுதான் காட்டுவாங்க. நேத்து தண்டலத்துல நான் வேலை செய்ற காலேஜ் லேப்ல முழுப் படமும் பாத்தேன். அதே புயல கம்ப்யூட்டர்ல இருவது வாட்டி ஓட்டுவாங்க. ஒவ்வொரு வாட்டியும் ஆரம்பத்துல காத்த கொஞ்சம் மாத்தி...

மாரிராஜ்: கோயில்ல பூ கட்டிப் பாக்க மாதிரியா?

மெர்சி: அங்க ஒரு வாட்டி எடுத்தா முடிஞ்சுது. இங்க இருவது கோடு வந்துது. பதினேழு ஆந்திராவுக்கு. மூணு... தெக்கால.

மாரிராஜ்: வெறும் மூணுக்கா அம்புட்டு அழுக?

மெர்சி: பாத்தீங்களா! இதுக்குத்தான் பொய் சொன்னேன். உண்மைய சொன்னா, மூணுதானேன்னு சிரிச்சுகினே எஞ்சின ஸ்டார்ட் பண்ணியிருப்பீங்க.

மாரிராஜ்: ...பண்ணியிருப்பேன். எங்கூட வார அஞ்சு பயலுவளையும் கூட்டிட்டுப் போயிருப்பேன்.

மெர்சி: அவங்க எல்லாரும்...?

மாரிராஜ்: கரையிலதான். ஒருத்தனும் போவல. என் சாமி... அத்தன பேரும் வீட்டுல இருக்கானுவ!

மெர்சி: அது போதும். ஆனா உங்கள பயமுறுத்துனது தப்புதான்.

மாரிராஜ்: எங்க பயந்தேன்? நீ போன வச்சதுமே இசக்கி கம்பெனிக்கு அடிச்சுட்டேன். நல்லாத்தான் பேசினா.

மெர்சி: இன்னாது! அப்போ வந்ததும் அவ்ளோ கத்துனீங்க?

மாரிராஜ்: உள்ள உங்க அப்பா இருக்காருல்லா. நான் வந்ததுக்கு ஒரு காரணம் அவரு காதுல விழ வேண்டாமா?

மெர்சி: அடப்பாவி... அவ நல்லா கீறான்னு தெரிஞ்சும் இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?

மாரிராஜ்: நீ போன்ல இசக்கி பேர ஒரு தடவதான் சொன்ன. “கடலுக்குப் போவாதீங்க”ன்னுதான் திருப்பித் திருப்பி அழுத. எனக்காக இப்படி அழ ஒருத்தி இருக்கான்னா, அவ மொகத்தப் பாக்காம நான் எப்படி போட்ட எடுக்க?