கிளி விரட்ட ஓர் ஆள்

சூரியகாந்தி ரொம்பத் தொந்தரவு இல்லாத பயிர், சார். வீரிய ரகம் என்றால் இன்னும் நல்லது. மழையை நம்பிய நிலத்தில்கூட, மொட்டு விடும்போதும் மணி பிடிக்கும்போதும் கொஞ்சம் ஈரம் கிடைத்துவிட்டால் போதும். வயல் முழுக்க ஒரே உயரத்தில் நின்று ஒன்றாக முற்றும். தலைவலி கிளிதான்.

மணியில் பால் பிடித்ததுமே கூட்டமாக இறங்கின. தகரம் தட்டினேன், மினுக்குத்தாள் கட்டினேன், வைக்கோல் பொம்மைக்கு என் சட்டையையே மாட்டிப் பார்த்தேன். கொஞ்ச நாளில் பொம்மையின் தலைமேலேயே உட்கார்ந்து கொறித்தன. அசையாத எதற்கும் கிளி ரொம்ப நாள் பயப்படாது.

என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை ஓயாமல் நடுங்கும். நடக்க முடியாது, பேச்சும் ஒன்றிரண்டு சொல்தான். கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். மகளின் பிரசவத்துக்காக என் மனைவி வெளியூர் போயிருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிட வீட்டுக்கு ஒரு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று, நாற்காலியோடு அவரை வயல் நடுவில் உட்கார வைத்தேன். ஒரு கிளிகூட இறங்கவில்லை.

முதலில் குடை கட்டிக் கொடுத்தேன். அது அவரை மறைத்தது, எடுத்துவிட்டேன். சரிந்து விழாமலிருக்கத் துண்டால் கட்டினேன். இறுக்கமாக அல்ல. அடிக்கடி தண்ணீர் கொடுத்தால் வேட்டி நனைந்துவிடும், துவைக்க ஆளில்லை. காலையிலும் மாலையிலும் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். கிளிகள் விடிவதற்குள் வந்துவிடுவதைப் பார்த்தபின், சாயங்காலம் அவரைத் தூக்கி வருவதையும் நிறுத்தினேன்.

"வீடு... தம்பி, வீடு" என்றார்.

"அறுப்பு முடியட்டும்ணே" என்றேன். அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மனைவி போனில் கேட்டாள்: "உங்கண்ணன் எப்படி இருக்காரு? வேளைக்குச் சாப்பிடுறாரா?"

"நல்லா இருக்காரு. காத்தாட வெளியில உக்காந்திருக்காரு."

உட்கார்ந்துதானே இருந்தார்.

பூக்களின் பின்புறம் எலுமிச்சை நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அறுப்புக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். வெயிலும் குறைவில்லாமல் அடித்தது.

அவர் கை நின்றுபோனது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்கிறீர்கள். அன்று மத்தியானமே தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கண்ணை மூடிவிட்டேன். தலை தொங்காதபடி துண்டைச் சரியாகக் கட்டினேன். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்தான். ஆனால் கிளிகளுக்கு அது இன்னும் தெரிந்திருக்கவில்லை, சார்.