நாலரைக்கு ஏறாத பிராசசர்

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் கம்ப்யூட்டர் பெட்டியைக் கைக்குழந்தை போல மடியில் அணைத்திருந்தார்.

“புது பிராசசர். வேகம் நாலரை கிகாஹெர்ட்ஸ் ஏறணும். ரெண்டத் தாண்ட மாட்டேங்குது,” என்றார். என் காது நீண்டது. அது என்னைக் கேட்டா நீளுகிறது?

“கல்யாணப் பொண்ணு நாளைக்குக் காலையில துபாய் போகுது. இன்னைக்கு வீடியோவ எடிட் பண்ணிக் குடுக்கலேன்னா என் பேரு கெட்டுப்போகும்,” என்றார் மனைவி.

“தேனிக் கடையில காட்டுவோம். நான் மாட்டுனதுல குத்தமில்ல.”

“சூடு எவ்வளவு காட்டுச்சு?”

“போட்ட உடனே நூறு டிகிரி.”

“அப்ப சூடு தாங்காமத்தான் வேகத்தக் குறைக்குது. சூட்ட இழுக்க அதுக்கு மேல மாட்டுன கூலர் அடியில பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்துச்சே, உரிச்சீகளா?”

“புதுப் பொருள்ல அத எதுக்கு உரிக்கணும்? கீறல் விழுந்துராது?”

“பைக் சீட்டுக் கவரையே மூணு வருசமா பிரிக்காத ஆளு நீங்க. உங்ககிட்ட மாட்டக் குடுத்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும்.”

“அதுதான்னு எப்படிச் சொல்ற?”

“அதேதான். நடுவுல தாள் இருந்தா சூடு கூலருக்குப் போகாது. சின்னமனூர்ல இறங்குங்க, திரும்பிருவோம். தாள உரிச்சு நானே மாட்டுறேன். பொழுது சாயுறதுக்குள்ள வீடியோ முடிஞ்சிரும்.”

இறங்கினார்கள். பெட்டியை இப்போது மனைவிதான் சுமந்தார்.

என் கைக்கடிகாரத்தின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்தேன். உரிக்க மனம் வரவில்லை. வாங்கி ஒரு வருடம்தானே ஆகிறது.