ரூத்தை ஒளித்து வைத்தவள்

காந்திமதி: ...கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னு சொல்லுங்க. எனக்குக் காது கேக்குது.

அம்சவல்லி: சண்டைக்கு வர்லீங்க டீச்சர். எம் பொண்ணு சண்முகப்பிரியா, பத்தாவது, உங்க கிளாஸுதான். அவளுக்கு என்னா சொல்லிக்குடுத்தீங்கன்னு கேக்கலாம்னு...

காந்திமதி: ஸ்கூல் மீட்டிங்குக்கு அவ அப்பாதானே வருவாரு. உங்கள நான் பாத்ததே இல்லையே.

அம்சவல்லி: அவரு மைன்ஸ்ல காண்ட்ராக்ட் வேலைங்க. இன்னிக்கி செகண்ட் ஷிஃப்ட்டு. நான் அவ அம்மா, அம்சவல்லி. வடக்குத்துலேர்ந்து வரேன்... கொஞ்சம் தண்ணி குடுப்பீங்களா?

காந்திமதி: அங்கயே குழாய் இருக்கு பாருங்க.

அம்சவல்லி: ...சரிங்க. எங்களுக்குப் பழக்கந்தான்.

காந்திமதி: ஐயோ, அதுக்கில்லம்மா...

அம்சவல்லி: பரவால்லீங்க. குடிச்சிட்டேன்.

காந்திமதி: எந்தப் பாடத்தச் சொல்றீங்க?

அம்சவல்லி: அந்த யூதருங்க பாடம். புள்ளைக்கு நாலு நாளா சோறு எறங்கல. பாக்குறவங்ககிட்டல்லாம், "எங்கள யாராச்சும் தொரத்திகினு வந்தா உங்க வூட்டுல ஒளிச்சி வெப்பீங்களா"ன்னு கேட்டுகினு திரியுது. பசங்க சிரிக்குதுங்க. பெரியவங்க சிரிக்கலீங்க. "யாரு தொரத்துறா? எதுக்கு?"ன்னு கேக்குறாங்க.

காந்திமதி: நான் என்ன பண்றது... ஹிட்லர் ஆட்சில அறுபது லட்சம் யூதர்களக் கொன்னாங்கன்னு புத்தகத்துல ஒரு வரி. பிள்ளைங்க "அறுபது லட்சம்"னு அடிக்கோடு போட்டுட்டு அடுத்த பக்கம் திருப்பிடுதுங்க. அவங்களுக்கு அது ஒரு மார்க் கேள்வி. அதான் ஒருத்தியோட கதையச் சொன்னேன். ரூத்னு பேரு. இவங்க வயசுதான்.

அம்சவல்லி: அவள ஒரு அம்மா ஒளிச்சி வெச்சாங்களாமே.

காந்திமதி: பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. பீரோவுக்குப் பின்னாடி கொஞ்சூண்டு எடம். ரூத் இருமுனா வெளிய கேக்கக் கூடாதுன்னு மெஷின ஓட்டிக்கிட்டே இருப்பாங்களாம். தைக்கத் துணி இல்லன்னாலும்.

அம்சவல்லி: சொந்தமா?

காந்திமதி: இல்ல. ஒரே மதம்கூட இல்ல.

அம்சவல்லி: மாட்டியிருந்தா?

காந்திமதி: அவங்களையும் இழுத்துட்டுப் போயிருப்பாங்க. அவங்க பிள்ளைங்களையும் சேத்து.

அம்சவல்லி: நெஞ்சழுத்தக்காரிதான்.

காந்திமதி: அதெல்லாம் இல்ல. கை நடுங்கி தையல் பூரா கோணலாப் போகுமாம். வயசான காலத்துல ரூத் அதச் சொல்லித்தான் அழுவாங்களாம்.

அம்சவல்லி: ரூத்தப் பெத்தவ?

காந்திமதி: ரயில்ல ஏத்துனாங்க... திரும்பி வரல. மக எங்க இருக்கான்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாதவங்கள அடிச்சாலும் சொல்ல முடியாதுல்ல? அதனால தையல்காரம்மா அவங்ககிட்டகூடச் சொல்லல.

அம்சவல்லி: இதையும் புள்ளைங்ககிட்ட சொன்னீங்களா?

காந்திமதி: சொன்னேன். ஏன்?

அம்சவல்லி: ஒண்ணுமில்லீங்க... எம் பொண்ணு உங்களையும் கேட்டாளா?

காந்திமதி: கிளாஸ்ல எழுந்து நின்னு கேட்டா. "நீங்களா இருந்தா வெப்பீங்களா மிஸ்"னு.

அம்சவல்லி: என்னா சொன்னீங்க?

காந்திமதி: ...பெல் அடிச்சிருச்சு.

அம்சவல்லி: நல்ல பெல்லுங்க.

காந்திமதி: அங்க நடந்தது வேறம்மா. ஒரு அரசாங்கமே சட்டம் போட்டு, ரயில் விட்டு, கூட்டம் கூட்டமாக் கொன்னது. அத இங்க கொண்டுவந்து...

அம்சவல்லி: எங்களுக்கு ரயிலு எதுக்குங்க. ஒரு காரு போதும்.

காந்திமதி: என்ன காரு?

அம்சவல்லி: சும்மா, ஒரு பேச்சுக்கு...

காந்திமதி: வெள்ளக் காரா?

அம்சவல்லி: ...உங்களுக்கு எப்டித் தெரியும்?

காந்திமதி: மொதல்ல நீங்க சொல்லுங்க.

அம்சவல்லி: நான் வரேன் டீச்சர். பஸ்ஸு போயிடும்.

காந்திமதி: நில்லுங்க! காலைல ஸ்கூல் வாசல்ல நாலு பேரு வந்து எறங்குனாங்க. "மணிமாறனோட அக்கா பொண்ணு இங்கதான படிக்குது"ன்னு கேட்டாங்க. அப்படி யாருமில்லன்னுட்டேன். அவங்கதான் உங்கள அனுப்பியிருப்பாங்களோன்னு இவ்ளோ நேரம்... யாரு நீங்க? உண்மையச் சொல்லுங்க.

அம்சவல்லி: இதோ செல்லுல பாருங்க, நானும் பிரியாவும். பக்கத்துல நிக்கிறவன்தான் மணிமாறன், எந்தம்பி. எங்கம்மா செத்தப்ப அவன் நடக்கக்கூட ஆரம்பிக்கல. நான்தாங்க தூக்கி வளத்தேன்.

காந்திமதி: என்ன பண்ணான்?

அம்சவல்லி: எழில்மதின்னு ஒரு பொண்ணு, ஊர்த்தெரு. நாங்க காலனி. வடலூர்ல போயி தாலி கட்டிகினாங்க... அவுங்க சித்தப்பன் துரைராஜ் அன்னிலேர்ந்து காருல சுத்திகினு இருக்கான். ரெண்டு பேரையும் எங்க வூட்டு உள்ரூம்லதான் வெச்சிருந்தேன். நாளைக்கிக் காலைல வக்கீலு கடலூர் எஸ்பி ஆபீசுக்குக் கூட்டிகினு போறேன்னாரு. ஒரு ராத்திரி தாண்டுனாப் போதும்னு இருந்தேன். நூறு நாள் வேலைக்கிப் போயிட்டு வந்து பாத்தா...

காந்திமதி: பாத்தா?

அம்சவல்லி: கதவு தொறந்து கெடக்குது. ரெண்டு பேரும் இல்ல.

காந்திமதி: பிரியா?

அம்சவல்லி: மூலையில குந்திகினு இருக்கா. "கார்ல ஏத்திகினு போயிட்டாங்களா"ன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. அடிச்சேன் டீச்சர்... அடிச்சும் சொல்லல. என்னையே பாக்குறா. கண்ணால எதையோ பாத்துட்டு புள்ளைக்குப் பேச்சே போயிடுச்சோன்னு... அவ நாலு நாளாப் பேசுனதெல்லாம் உங்க பாடந்தான். உங்ககிட்டயாச்சும் எதனா சொல்லியிருப்பாளோன்னு வந்தேன். சண்ட போட வந்த மாதிரி வந்தா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு...

காந்திமதி: உங்க பின்னாடி யாராவது வந்தாங்களா?

அம்சவல்லி: இல்லீங்க. வடலூர் போயி, அங்கேர்ந்து வேற பஸ்ஸு மாறி வந்தேன்.

காந்திமதி: நல்லா பாத்தீங்களா?

அம்சவல்லி: பாத்தேங்க... அவன் உசுரோட இருக்கானா இல்லியான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் டீச்சர். எங்கன்னுகூட சொல்ல வேணாம்.

காந்திமதி: அழாதீங்க, பக்கத்து குவார்ட்டர்ஸ்ல கேக்கும். செருப்பக் கையில எடுத்துக்கிட்டு சீக்கிரம் உள்ள வாங்க... அந்தக் கார் போனதும் பிரியா எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. லீவு போட்டுட்டு, அவள வழி காட்டச் சொல்லி நானே ஆட்டோல போயி ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்துட்டேன். உங்ககிட்டகூட சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்குனதும் நான்தான்.