டைனாவின் தாய்

கனடாவில், ரூஜில் எங்கள் தெருவில் யார் வீட்டில் நேற்று நண்டு, யார் வீட்டில் வெறும் சோறும் பருப்பும் என்பதை சாப்பாட்டுக் கழிவு போடும் அவர்களுடைய கிறீன் பின்னைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வேவு இல்லை, அக்கறை.

கலியாணம் பேசுகிறவர்களும் முதலில் எனக்குத்தான் போன் எடுப்பார்கள். மட்டக்களப்புக்காரர் நாங்கள், எங்களுக்குக் குடி, அதாவது குலம், தாய்வழியாகத்தான் இறங்கும். தாய், தாயின் தாய் என்று நாலு தலைமுறையைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவேன். மகன் கோகுலன் நயோமியைக் கூட்டிவந்தபோதும் அதைத்தான் கேட்டேன்.

"அம்மா, அவ பிளாக் கனேடியன். அவவிட்ட என்ன குடி கேக்கப்போறீங்க?" என்று சிரித்தான்.

"பிறக்கிற பிள்ளையள் அவட குடிதானேடா."

பிக்கரிங்கில் இருக்கும் நயோமியின் தாய் றூத் இந்த விசயத்தில் என்னைவிட மோசம். தன் தாய்வழியில் டைனா என்ற ஒருத்தியை இருபத்திரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தா. டைனா அமெரிக்காவில் பிறந்து, இருநூறு வருடத்துக்கு முந்தி யாரோ ஒரு எசமான் வீட்டாரோடு கனடாவுக்கு வந்தவ. அதற்கு அங்காலே இருட்டு.

"அவளுடைய அம்மாவின் பெயர் மட்டும் போதும், தங்கேஸ்," என்று றூத் தன் பெரியம்மா விட்டுப்போன கடதாசிப் பெட்டியை என்னிடம் தந்தா. ஊரில் காணிக் கந்தோரில் வேலை செய்து பழைய உறுதிப் பத்திரங்கள் வாசித்த கண் என்னுடையது.

மூன்றாம் நாள் கிடைத்தது. உறுதிதான், ஆனால் காணிக்கு இல்லை. பசுமாடு ஒன்று, கட்டில் இரண்டு, 'என் அடிமை ஃபீபியின் மகள் டைனா, வயது ஒன்பது.' கீழே விற்றவர், வாங்கியவர் கையெழுத்து. தாயை விற்கவில்லை.

றூத்துக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். ஆனால் வாய்க்கதை வேறு, உறுதி வேறு. பிள்ளைகளின் கலியாணத்துக்கு ஐந்து கிழமை இருந்தது. அந்தக் கடதாசியைச் சட்டம் போட்டு மண்டப வாசலிலேயே வைப்பா, அவ அப்படிப்பட்டவ. என் ஆட்கள் ஒவ்வொருவராக நின்று வாசிப்பார்கள். அவர்களை எனக்குத் தெரியும், நானும் அவர்களில் ஒருத்தி. என் பேரப்பிள்ளையின் குடி ஒரு பசுமாட்டுக்குப் பக்கத்தில் தொடங்கலாமா?

நண்டுக் கோதுகளோடு சேர்த்துச் சுருட்டி கிறீன் பின்னில் போட்டேன். செவ்வாய்க்கிழமை குப்பை லொறி வந்தது.

"ஒன்றும் இல்லை, றூத்," என்றேன். அவ அந்தப் பெட்டியைத் தடவித் தடவி அழுதா. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இவ்வளவு பாடுபட்டீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டா. அன்றோடு தேடுவதை விட்டுவிட்டா. அவவுக்குப் பாரம் குறைந்தது என்றுதான் நினைக்கிறேன்.

எந்த வீட்டுக் கதையும் என் வாயில் ஒரு நாள் தங்காது. இது மூன்று வருடம் தங்கியது.

போன மாதம் பேத்தி பிறந்தாள். பெயர் வைக்க என்னைத்தான் கேட்டார்கள். ஃபீபி என்றேன்.

றூத்துக்கு உடனே பிடித்துவிட்டது. "எங்கே பிடித்தீர்கள் இந்தப் பெயரை, தங்கேஸ்?"

"ரீவியில," என்றேன்.

அவ கேட்டது ஒரு பெயர்தான். இப்போது அது அவ மடியிலேயே கிடந்து சிரிக்கிறது. கொடுத்துவிட்டேன்தானே.