இடது பக்கம் இழுக்கும் துவக்கு

பிளாஸ்டிக் குழாயைப் போல ஒரு நல்ல சாமான் வேறில்லை. எந்த அளவுக்கும் வெட்டலாம், எதற்குள்ளும் செருகலாம், வெயிலில் கிடந்தாலும் குறை சொல்லாது. மரைக்கார்மாரே, பள்ளிவாசலை நிர்வகிக்கும் நீங்கள் என்னை இங்கே கூப்பிட்டுக் கேட்டது, தங்கையின் மாப்பிள்ளை இன்ஸாப் மச்சானின் வாழ்த்துப் பெனரைப் பற்றி. நான் குழாயிலிருந்து தொடங்குகிறேன். அப்போதுதான் நான் செய்ததில் இருந்த நியாயம் உங்களுக்கு விளங்கும்.

இறக்காமத்தில் எனக்கு வயல் இருக்கிறது. பயிருக்குள் இறங்கும் பன்றிகளை விரட்ட அனுமதிப் பத்திரத்தோடு ஒரு துவக்கும் இருக்கிறது. நான் பன்றியைச் சுட்டால் பக்கத்து வயல் செல்லத்தம்பி அண்ணன் வந்து இழுத்துக்கொண்டு போவார். அவருக்குக் கறி, எனக்கு நெல். இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் இந்தப் போகத்தில் என் துவக்கு ஒன்றையும் விழுத்தவில்லை. வெடிச் சத்தம் கேட்டுப் பன்றிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தின்றன. வெட்கமாக இருந்தது.

தோட்டாவுக்குள் இருக்கும் ஈயச் சன்னங்கள் வெளியே போய் எப்படி விரிகின்றன, எந்தப் பக்கம் கூடுகின்றன என்று பார்க்க வேண்டுமென்றால் அகலமான ஒரு பரப்பில் சுட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பரப்பை மாட்ட ஒரு சட்டம் வேண்டும். தங்கை றிஸ்லாவுக்கு நான் வீடு கட்டியபோது மிஞ்சிய குழாய்த் துண்டுகள் என்னிடம் கிடந்தன. நம் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் முடிக்கிறோம். வாப்பா மௌத்தானதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் கட்டினேன். அந்த வீட்டு மதிலில் அவளுடைய மாப்பிள்ளை 'இன்ஸாப் மன்ஸில்' என்று பளிங்கில் பெயர் பதித்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல பளிங்கு.

சட்டத்தைக் கதவு நிலை மாதிரிச் செய்தேன். மூலைகளில் பசை பூசவில்லை, வெறுமனே செருகினேன். கழற்றினால் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம். சன்னம் பட்டு ஒரு கால் உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். காற்றுக்கு விழாமல் இருக்க இரண்டு காலையும் மண் நிரப்பிய யூரியாப் பைகளுக்குள் இறக்கினேன். மேலே துணி காயப்போடும் கிளிப். இதைவிட மலிவாக ஒருவரும் செய்ய முடியாது.

பரப்புத்தான் சரிவரவில்லை. துளைகள் தெளிவாகத் தெரிய வெள்ளையாக இருக்க வேண்டும். பழைய பத்திரிகைகளைக் கோதுமை மாப்பசையால் ஒட்டினேன். வயலில் நின்ற எருமை பசைக்கு ஆசைப்பட்டு முழுவதையும் தின்றுவிட்டது. கட்டில் விரிப்பைக் கேட்டேன். என் மனைவி நதீரா, "விரிப்புல கை வெச்சா நீங்க வயல் வாடியிலேயே படுத்துக்குங்க" என்றாள்.

அந்தக் கிழமைதான் இன்ஸாப் மச்சான் சமாதான நீதவான் ஆகியிருந்தார். சந்தியில் அவரை வாழ்த்தி ஒரு பெரிய பெனர் தொங்கியது. இடது பக்கம் அவருடைய முகம், வலது பக்கம் 'வாழ்த்துகிறோம்' என்ற எழுத்து. யார் வாழ்த்துகிறார்கள் என்று போடவில்லை, அச்சடிக்கக் கொடுத்தவர் அவர்தான் என்பதால். தடித்த பிளாஸ்டிக். காற்றுக்குக் கிழியாது. எருமையும் தின்னாது.

அசர் தொழுகைக்குப் பிறகு, எல்லோரும் பார்க்கத்தான் அதை அவிழ்த்தேன். சந்திக் கடைக்காரர் கேட்டதற்கு, கட்டு இளகியிருக்கிறது என்றேன். இளகித்தான் இருந்தது, நான் அவிழ்த்துக்கொண்டிருந்தேனே. மச்சானின் பெனரை மச்சானே அவிழ்ப்பதை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

வயலில் சட்டத்தைப் பூட்டி, பன்றிகள் வழக்கமாக நிற்கும் வரம்பில் நிறுத்தி, வாடிக் குடிசையிலிருந்து சுட்டேன். 'வாழ்த்துகிறோம்' என்ற எழுத்துக்குத்தான் குறி வைத்தேன். என் துவக்கு இடது பக்கம் இழுக்கிறது. முகத்தில் பட்டது துவக்கின் பிழை.

அடுத்தவர் பொருளை வைத்திருப்பது ஹராம். ஆகவே சுபஹுக்கு முன்பே கொண்டுபோய் இருந்த இடத்திலேயே கட்டிவிட்டேன். விடிந்ததும் ஊர் கூடியது. மச்சான் வந்து பார்த்தார். அவருடைய முகம் மா அரிக்கும் அரிதட்டு மாதிரி ஓட்டையாக இருந்தது. பெனரில் இருந்ததைச் சொல்கிறேன். நேரில் இருந்தது வெளுத்துப் போயிருந்தது.

அதன்பிறகு அவர் வீட்டுக்குள்ளேயும் ஹெல்மட் போட்டுக்கொண்டு திரிந்தார். ஜும்ஆவுக்குத் திரைச்சீலை இறக்கிய ஆட்டோவில் போனார். என் கையைப் பிடித்து, "மச்சான், துவக்க எடுத்துக்கிட்டு வந்து நம்மட ஊட்ட கொஞ்ச நாளைக்கி நில்லுங்க. நீங்க இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்றார். போய் நின்றேன். றிஸ்லா எனக்கு மீன் பொரித்துத் தந்து, "காக்கா இல்லாட்டி நாங்க என்ன செய்யிற" என்று கூடப்பிறந்த காக்காவான என்னைப் பார்த்து அழுதாள். நான் கட்டிய வீட்டில் முதன்முறையாக எனக்கு முன்னறை கிடைத்தது. நல்ல காற்றோட்டமான அறை.

யார் மீது சந்தேகம் என்று மச்சான் கேட்டார். நான் ஒருவர் மீதும் பழி சொல்லவில்லை. செல்லத்தம்பி அண்ணனிடமும் துவக்கு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. வாய்க்கால் தண்ணீருக்காகத் தானும் அவரும் போன மாதம் சண்டை பிடித்ததை மச்சான் தானாகவே நினைத்துக்கொண்டார். முறைப்பாடு போனது, விசாரணை முடியும்வரை பொலிசார் அண்ணனின் துவக்கை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நெல் பால் பிடிக்கிற நேரம்.

நேற்று வயலுக்குப் போனேன். செல்லத்தம்பி அண்ணன் வரம்பில் குந்தியிருந்தார். "பாரு தம்பி மசூர், பண்டி வந்து ரெண்டு வரவை வயலையும் உழுது போட்டிற்றுது. ஒரு கதிர் மிச்சமில்ல" என்றார். பிறகு, "ஒன்ட துவக்கு இப்ப நல்லாச் சுடுதாம். எனக்கும் கொஞ்சம் காவல் பாரன்" என்று கேட்டார். அந்த மனிதரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் வந்தேன். சுட்டது நான். அவருடைய துவக்கைத் திரும்ப எடுத்துக் கொடுங்கள். என்னுடையதை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தையும் தருகிறேன்.

மற்றபடி எனக்கு மச்சான் மீது ஒரு கோபமும் இல்லை. துவக்கு எங்கே இழுக்கிறது என்று பார்க்க நினைத்தேன், அவ்வளவுதான்.

பெரிய மரைக்கார் ஒன்று கேட்டார். "மசூர், பெனர்ர பின்பக்கம் முழுக்க வெள்ளதானே. அதுல சுட்டிருக்கலாமே?"

ஓம். முதல் வெடியை வெள்ளைப் பக்கத்தில்தான் வைத்தேன். துவக்கு இடது பக்கம் இழுக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பெனரைத் திருப்பிக் கட்டினேன்.