கரடியின் பங்கு

என் வேலைமேசையில் காபிக் கோப்பை வைக்க நான் யாரையும் விட்டதில்லை. இங்கே ஷெரிஃப் அலுவலகத்தில் உங்கள் மேசையில் கோப்பை, அதன் பக்கத்தில் துப்பாக்கி, இரண்டுக்கும் நடுவில் பாதி தின்ற டோனட் என்று எல்லாம் சமத்துவமாகக் கிடக்கின்றன. குறை சொல்லவில்லை, டெபுடி ஹான்லி. நீங்களும் ஒரு காலத்தில் என் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் என்பதால் கண்ணில் பட்டது.

பர்ல் மடாக் செத்த விஷயமாகப் பேசத்தான் வந்தேன். கரடி கொன்றது என்று விசாரணையை முடித்துவிட்டீர்கள். கரடியின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மட்டும் முழுப் பெருமையையும் கொடுப்பது நியாயமில்லை.

எங்கள் மொன்டானாப் பக்கத்தில் பைபிள் இல்லாத வீடு உண்டு. கராஜில் தோட்டா அடிக்கும் அச்சு இல்லாத வீடு அபூர்வம். சுட்டுமுடித்த பித்தளைக் கூட்டைக் கழுவி, அளந்த வெடிமருந்தைக் கொட்டி, மேலே குண்டைச் செருகி, கூட்டின் வாயை உள்பக்கம் மடித்து இறுக்கினால் தோட்டா தயார். கேட்க எளிதுதான். மருந்து கூடிப்போனால் ரிவால்வர் கையிலேயே வெடிக்கும் என்பதால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் அடித்த தோட்டாவை எவனும் சுடமாட்டான். கூடப்பிறந்தவன் கொடுத்தாலும் வேண்டாம் என்பான், அதில் யாருக்கும் கோபம் வராது. அடுத்தவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷை யாராவது கடன் கேட்பார்களா?

துப்பாக்கி மன்றத்தின் பாதுகாப்பு அதிகாரி நான்தான். நான்தான் என்பது இப்போது இறந்தகாலம், அதைப் பிறகு சொல்கிறேன். வருஷா வருஷம் வகுப்பில் ஒன்றை அடித்துச் சொல்வேன். கனமான குண்டையும் எடை குறைந்த மேக்னம் ரிவால்வரையும் சேர்த்தால் உதை பலமாக இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் பாயும், மிச்சத் தோட்டாக்களில் இருக்கும் குண்டுகள் கூட்டைவிட்டு முன்னால் நழுவப் பார்க்கும். வாயை இறுக்கியிருந்தால் நழுவாது. இறுக்காவிட்டால் நழுவி, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டி, அது சுழலாதபடி அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றைச் சுட்டுப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் சுட்டு, அந்த ஒன்றை வெளியே எடுத்து அளந்து பாருங்கள். இதையெல்லாம் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

பர்ல் பின்சுவரில் சாய்ந்து நிற்பான். நகரத்து ஆட்களை எல்க் மான் வேட்டைக்குக் கூட்டிப்போவது அவன் தொழில், ஊரைச் சிரிக்கவைப்பது அவன் பொழுதுபோக்கு. "வாத்தியாரே, பாத்ரூம் போறப்பவும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கணுமா?" என்பான். வகுப்பே சிரிக்கும். நீங்கள்கூடச் சிரித்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

போன மன்ற விருந்தில் அவன் எனக்கு ஒரு விருது கொடுத்தான். குழந்தைகள் விளையாடும் தண்ணீர்த் துப்பாக்கி, அதில் சிவப்பு ரிப்பன். "ஊர்லயே பாதுகாப்பான துப்பாக்கிக்காரர், நம்ம கோர்டன் ஸ்கார். இதுவரைக்கும் ஒரு ஈயைக்கூட பயமுறுத்தினதில்ல" என்று மைக்கில் அறிவித்தான். எனக்கு வருத்தமே இல்லை. நானும் கைதட்டினேன். என் மனைவி மார்லிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது மட்டும் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தத் தண்ணீர்த் துப்பாக்கியை அவள் சமையலறை ஜன்னலில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் தொட்டிச்செடிக்கு அதிலிருந்து தண்ணீர் அடித்தாள். செடிக்கும் தண்ணீர் வேண்டும்தானே.

எல்க் வேட்டை தொடங்கும் சமயத்தில் பர்ல் புது ரிவால்வரோடு என் கராஜுக்கு வந்தான். இறகுபோல எடை. அவனுக்கு ரொம்பப் பெருமை.

"கரடிக்கு கனமா கொஞ்சம் தோட்டா அடிச்சுக் குடுடா. கடையில ஒண்ணுகூட இல்ல. என்கிட்ட இருக்கிற குண்டு கரடிக்குக் கிச்சுகிச்சு மூட்டத்தான் ஆகும்."

"அடுத்தவன் தோட்டாவ சுடக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"நீ என்ன அடுத்தவனா? கிண்டல் பண்றேன்னு நெனச்சுக்காத. இந்த மாவட்டத்துலயே உன் கையைத்தான் நம்புவேன். கண்ண மூடிக்கிட்டு சுடுவேன்."

கண்ணை மூடிக்கொண்டு சுடக்கூடாது என்பதும் என் வகுப்பில் உண்டு.

அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் மருந்தைத் தராசில் நிறுத்தேன், புத்தகத்தில் போட்டிருந்ததைவிட ஒரு துளி கூடவில்லை. அவன் வீட்டுக்குப் பின்னால் மரக்கட்டையில் ஒன்றைச் சுட்டான். ஓட்டை நேர்த்தியாக விழுந்தது. "மிச்சத்தையும் சுட்டுட்டு, ஒண்ண எடுத்து அளந்து பாரு" என்று நான் சொன்னேன். இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். அவன் என் முதுகில் தட்டி, "சரி வாத்தியாரே" என்று சிரித்துவிட்டுப் போனான். அவனுக்கு நான் வாய்ப்பே கொடுக்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சுட்ட மானை வில்லோப் புதருக்குள் அவனும் அவனுடைய கூட்டாளி டல்லி ரென்னரும் அறுத்துக்கொண்டிருந்தபோது குட்டிகளோடு ஒரு கிரிஸ்லி கரடி வந்தது. பர்ல் இரண்டு முறை சுட்டான். மூன்றாவது முறை விசை அசையவில்லை. டல்லி பையைத் துழாவி மிளகாய் ஸ்ப்ரேயை எடுத்து அடித்தபோது கரடி தன் வேலையை முடித்திருந்தது. ஹெலிகாப்டர் வந்து சேரும்போது பர்ல் உயிரோடு இல்லை.

உங்கள் நிபுணர் ரிவால்வரைத் திறந்து பார்த்தார். குண்டுகள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. தோட்டா அடித்தவர் வாயை இறுக்க மறந்துவிட்டார், கவனக்குறைவு, வழக்குப் போடத் தேவையில்லை என்று எழுதினார். ரொம்பப் பெருந்தன்மை. மன்றமும் பெருந்தன்மையாக என் பதவியைப் பறித்து டல்லியிடம் கொடுத்தது. தன் வண்டியின் தரையைத் தானே சுட்டு ஓட்டை போட்ட டல்லிதான், வேறு யாருமில்லை. இப்போது அவன் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறான்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் பன்றித்தொடை சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார் பாதிரியார். டல்லி வந்து என் கையைப் பிடித்து அழுதான்.

"சாகப்போற நேரத்துலயும் உங்க ஞாபகம்தான் அவனுக்கு. 'கோர்டன் பாவம்டா, வாய இறுக்க மறந்துட்டான் போல. அவன்கிட்ட சொல்லிடாத, தாங்கமாட்டான்'னான். அதுக்கப்புறம் பேச்சே இல்ல."

மார்லிஸ் என் தோளில் கை வைத்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு. "நீங்க என்ன, வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்க" என்றாள்.

விட முடியவில்லை, டெபுடி. கடையில் காய்கறிக்கு நின்றால்கூட என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். நாற்பது வருஷமாக மேசையில் காபி வைக்காதவனை, மறதிக்காரன் என்கிறார்கள்.

இதை அப்படியே எழுதுங்கள். நான் மறக்கவில்லை. வாயை இறுக்கும் அச்சைக் கழற்றினேன், எண்ணெய் போட்டுத் துடைத்தேன், அதன் டப்பாவில் வைத்து மூடினேன், பிறகுதான் அவனுடைய தோட்டாக்களை அடிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு கூட்டின் வாயையும் விளக்கடியில் பிடித்து, நேராக, திறந்தே இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெட்டியில் வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை. கரடி வரும் என்று தெரியாது. வந்தால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரியும். பர்ல் என்னை மன்னித்துவிட்டுத்தான் செத்தான் என்று ஊரே உருகுகிறது. கடைசி மூச்சிலும் அவனுக்கு என் வேலையைப் பழித்துப் பேசத்தான் தோன்றியிருக்கிறது, பாருங்கள்.